முகூர்த்த மேக்கப்... முகத்தைத் தயார்படுத்த 3 மாசத்துக்கு முன்னாடியே தொடங்குங்க!

தேதி குறிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, மேக்கப் ஆர்ட்டிஸ்ட்டையும் புக் பண்ணியாச்சு. 'இனி முகத்தை அவங்க பார்த்துப்பாங்க'னு நிம்மதியா இருக்கீங்களா? மேக்கப் ஆர்ட்டிஸ்ட் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும், அவர் வேலை பார்க்கப்போறது உங்க சருமத்து மேலதான். தோல் உரியுற கன்னத்துல எவ்வளவு விலையுள்ள ஃபவுண்டேஷன் போட்டாலும் திட்டுத் திட்டாதான் நிற்கும்.

என் சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு 3 நாள் முன்னாடி, பேக்கேஜ்ல ஃப்ரீயா வருதேனு அதுவரைக்கும் செஞ்சே பார்க்காத ஒரு ஃபேஷியலையும் ப்ளீச்சையும் ஒண்ணா செஞ்சுக்கிட்டா. மறுநாள் கன்னம் முழுக்கச் சிவந்து, பொடிப்பொடியா தடிப்பு. சிவப்பை கன்சீலர் மறைச்சுடுச்சு. ஆனா, அந்த மேடு பள்ளம் ஆல்பத்துல இன்னிக்கும் தெரியுது. மேக்கப்பால நிறத்தை மறைக்க முடியும்; மேடு பள்ளத்தை மறைக்க முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

முதல்ல அந்த 'கலர் க்ரீமை' தூக்கிப் போடுங்க

கல்யாணம் நிச்சயமானதும் யாராவது ஒருத்தர் வந்து, 'இந்த க்ரீமைப் போடு, ஒரே மாசத்துல பளிச்சுனு ஆகிடுவ'னு ஒரு ட்யூபைக் கையில கொடுப்பாங்க. அதுல பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன்னு ஏதாவது பெயர் இருக்கானு பாருங்க. இருந்தா அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு டாக்டர் குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் கொடுக்குற மருந்து அது. அழகு க்ரீம் இல்லை.

ஆரம்பத்துல முகம் பளபளனுதான் இருக்கும். ஆபத்தே அதுதான். தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு போகும், ரத்தக்குழாய் சிவப்புக் கோடா தெரியும், பருவும் முகத்துல முடியும் அதிகமாகும். நிறுத்தினா எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட மோசமா திரும்பி வரும். அதுக்குப் பயந்தே மறுபடியும் போடுவாங்க. 2018-ல் மத்திய அரசு, ஸ்டீராய்டு கலந்த பல க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுனு அறிவிச்சது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்ல கேட்டவுடனே கிடைக்குறதுதான் நிலைமை. ஏற்கெனவே மாசக்கணக்கா போட்டுட்டு இருக்கீங்கன்னா, இன்னிக்கே சட்டுனு நிறுத்தாம தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்ற மாதிரி குறைச்சுக்கிட்டு வாங்க.

லேபிளே சரியா இல்லாம, எங்கே தயாராச்சுன்னே தெரியாம ஆன்லைன்ல வர்ற சிவப்பழகு க்ரீம் இன்னும் மோசம். சிலதுல பாதரசம் இருக்கு. கேரளாவுல மலப்புரம் மாவட்டத்துல 2023-ல் சிறுநீரகப் பாதிப்போட வந்த சிலரை டாக்டர்கள் விசாரிச்சப்போ, அவங்க இப்படிப்பட்ட க்ரீம் போட்டது தெரிய வந்துச்சு. முகத்துல போட்டது கிட்னி வரைக்கும் போகும்னா பார்த்துக்கோங்க.

ஏன் 3 மாசம்?

தோலோட மேல் அடுக்கு முழுசா புதுப்பிக்க சுமார் ஒரு மாசம் ஆகும். பருவுக்கு எடுக்குற சிகிச்சை பலன் தெரிய 2, 3 மாசம்கூட ஆகலாம். அடபலீன், ரெட்டினால் மாதிரியானதைப் புதுசா தொடங்கினா முதல் சில வாரங்கள் தோல் காயும், உரியும். அந்தக் கட்டமெல்லாம் கல்யாண வாரத்துல வராம இருக்கணும்னா இப்பவே தொடங்கணும்.

இன்னொரு விஷயம், இதைப் பல பேர் கூச்சப்பட்டு கேக்குறதில்லை. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுத்தா, கல்யாணத் தேதியை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அந்த மாத்திரை எடுக்கும்போது கர்ப்பமானா குழந்தைக்குக் கடுமையான குறைபாடு வரலாம். நிறுத்தின பிறகும் குறைஞ்சது ஒரு மாசம் இடைவெளி வேணும். இதை எடுக்கும்போது தோல் மெலிசா இருக்கும், அதனால வேக்ஸிங்கும் கூடாது.

மத்தபடி தினசரிக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்க்ரீன், அவ்வளவுதான். எண்ணெய்ப் பசை சருமம்னா ஜெல் வடிவ மாய்ஸ்ச்சரைசர் வாங்கிக்கோங்க. பத்திரிகை வைக்கவும், ஜவுளி எடுக்கவும் டூ வீலர்ல வெயில்ல அலையுற மாசங்கள் இவை. அதனால சன்ஸ்க்ரீனை மட்டும் விட்டுடாதீங்க. எஸ்.பி.எஃப் 30-க்கு மேல, ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்துக்குப் பூசணும். பருத் தழும்பு கறுத்துப் போறதுக்கு வெயில்தான் முக்கியக் காரணம்.

எலுமிச்சைச் சாறு, சமையல் சோடாவையெல்லாம் முகத்துல தேய்க்காதீங்க. எலுமிச்சை பூசிட்டு வெயில்ல போனா கறுத்துப் புண்ணாகக்கூட வாய்ப்பு இருக்கு. கடலை மாவும் தயிரும் உங்களுக்கு ஏற்கெனவே ஒத்துக்கிட்டதுன்னா தாராளமா தொடருங்க. 'தினமும் 4 லிட்டர் தண்ணி குடிச்சா முகம் மின்னும்'ங்கிறதை மட்டும் நான் நம்புறதில்லை. தாகத்துக்குக் குடிங்க, தூங்குங்க, அது போதும்.

முதுகை மறந்துடாதீங்க. பின்பக்கம் இறக்கமா தைக்கிற ப்ளவுஸ்னா, முதுகுப் பருவையும் டாக்டர்கிட்ட இப்பவே காட்டுங்க.

ட்ரையல்ல என்ன பார்க்கணும்?

ஒரு மாசம் முன்னாடி ட்ரையல் மேக்கப் போட்டுப் பாருங்க. ஃபவுண்டேஷன், கண் இமை ஒட்டுற பசை ரெண்டையும் ஒரு நாள் முன்னாடியே காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பார்த்துக்கிட்டா நல்லது. ஷேடை கையில பார்க்காதீங்க. தாடையும் கழுத்தும் சேர்ற இடத்துல போட்டு, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க. 'கொஞ்சம் கலர் தூக்கிக் கொடுங்க'னு உங்க பக்கத்துல நிக்குற சொந்தக்காரங்க சொல்லுவாங்க. ரெண்டு ஷேடு ஏத்தினா வீடியோ லைட்ல முகம் சாம்பல் பூத்த மாதிரியும் கை வேற ஆளுது மாதிரியும் தெரியும். உங்க நிறத்துலயே மேக்கப் வேணும்னு முன்னாடியே தெளிவா சொல்லிடுங்க, அது உங்க முகம்.

கடைசி 10 நாள்

ஃபேஷியல் பழக்கமா செய்யுறதுன்னா 7 முதல் 10 நாளுக்கு முன்னாடி முடிச்சுடுங்க. புதுசா எதையும் முயற்சி செய்யாதீங்க. த்ரெட்டிங், வேக்ஸிங் 2, 3 நாள் முன்னாடி போதும். ஆனா ரெட்டினால், ஆசிட் சீரம் எல்லாத்தையும் வேக்ஸிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே நிறுத்திடணும். இல்லைனா முடியோட சேர்ந்து தோலும் வந்துடும். மெஹந்தியில 'கறுப்பு மெஹந்தி, சீக்கிரம் பிடிக்கும்'னு சொன்னா வேண்டாம். அதுல ஹேர் டையில இருக்குற பி.பி.டி ரசாயனம் இருக்கலாம், கை கொப்பளிச்சுடும்.

அடுத்து நலங்கு. மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசுறது நம்ம ஊர் அழகு, அதை விட வேண்டாம். ஆனா அத்தை, சித்தி, பெரியம்மானு வரிசையா கன்னத்துல பூசினா மஞ்சள் சீக்கிரம் போகாது. அது மேல ஃபவுண்டேஷன் நிறமும் மாறும். 'அத்தை, கைக்கும் காலுக்கும் நல்லா பூசுங்க, கன்னத்துல மட்டும் லேசா ஒரு கீத்து போதும்'னு சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் கேட்டுப்பாங்க.

எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சாலும் 2 நாள் முன்னாடி மூக்கு நுனியில ஒரு பரு வரலாம். கிள்ளாதீங்க. புண்ணாகிட்டா பொருக்கு மேல மேக்கப் நிற்காது. துணியில சுத்தின ஐஸை சில நிமிஷம் வைங்க, இல்லைனா மெடிக்கல்ல கிடைக்குற பிம்பிள் பேட்ச் ஒட்டுங்க. பெரிய கட்டியா வலிச்சா தோல் டாக்டர் அதுக்குள்ள சின்னதா ஊசி போட்டு ஓரிரு நாள்ல அமுக்கிடுவார். சில சமயம் அந்த இடத்துல லேசா பள்ளம் விழலாம்ங்கிறதையும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவுல

நம்ம ஊர் கல்யாணத்துல உண்மையான சவால் இதுதான். ரிசப்ஷன் முடிஞ்சு ரூமுக்கு வர்றப்போ மணி 11. முகூர்த்தம் நாலரை டு ஆறுன்னா, ரெண்டரை மணிக்கே மேக்கப் ஆர்ட்டிஸ்ட் கதவைத் தட்டுவாங்க. அசதியில அப்படியே படுத்துடாதீங்க. க்ளென்சிங் பாம் அல்லது மைசெல்லார் வாட்டர்ல மேக்கப்பைக் கரைச்சு எடுத்துட்டு, அப்புறம் ஃபேஸ்வாஷ் போடுங்க. ஒட்டு இமையைப் பிய்க்காதீங்க, ஈரப் பஞ்சை அது மேல கொஞ்ச நேரம் வெச்சுட்டு மெதுவா எடுங்க. மாய்ஸ்ச்சரைசர், உதட்டுல கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. மொத்தமே 10 நிமிஷம். இதுக்கு ஒரு தோழியை உங்ககூட ரூம்ல தங்க வெச்சுக்கோங்க, உங்க கையில மெஹந்தியும் வளையலுமா இருக்கும்.

விடியக்காலை குளிச்சதும் முகத்துல எண்ணெய் மிச்சம் இல்லாம கழுவிட்டு, மெல்லிசா மாய்ஸ்ச்சரைசர் போட்டு 10, 15 நிமிஷம் விடுங்க. அது உள்ளே இறங்குறதுக்குள்ள ப்ரைமர் போட்டா எல்லாம் உருண்டு திரளும். விடியறதுக்கு முன்னாடி முகூர்த்தம்னா கெட்டியான சன்ஸ்க்ரீன் தேவையில்லை. ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு நிறைய இருந்தா ஃப்ளாஷ் போட்டோவுல முகம் வெள்ளையா அடிக்கும்.

மாப்பிள்ளைக்கும் ஒரு வரி. ஷேவிங்கை மேடை ஏறுறதுக்கு முன்னாடி அவசரமா பண்ணாம, முந்தின நாளே முடிச்சுடுங்க. புது பிளேடா இருக்கட்டும், முடி வளர்ற திசையிலேயே இழுங்க.

அப்புறம் ஹோமப் புகை. கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும், முகூர்த்தச் சேலையில வியர்க்கவும் செய்யும். டிஷ்யூவால துடைக்காதீங்க, மடிச்சு ஒத்தி எடுங்க. நாத்தனார் கையில நாலு டிஷ்யூ முன்கூட்டியே கொடுத்து வைங்க.