மூடிய சக்கரம் சக்கரமா, முகமூடியா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

1987 பொங்கல். ஊர் விளையாட்டு விழாவில் சைக்கிள் பந்தயத்துக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த பையன் ஒருவன் வாடகை சைக்கிளோடு வந்து நின்றான். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் சார்ட் அட்டையை வட்டமாக வெட்டி, பழைய டியூப் ரப்பரால் கட்டியிருந்தான்.

"என்னடா இது, தேர் அலங்காரமா?" என்றேன்.

"கம்பி காத்த கிழிச்சிக்கிட்டே சுத்துது சார். மூடிட்டா கிழிக்காது" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "எல்லாருக்கும் ஒரே மாதிரி சைக்கிள்தான். கழட்டிட்டு வா" என்றேன். கழற்றிவிட்டு வந்து ஓட்டினான். நான்காவதாக வந்தான்.

இத்தனைக்கும் நான் இயற்பியல் ஆசிரியர். அவன் சொன்னது சரியா தப்பா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு சைக்கிள் வரலாறு படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது: அவன் என் முன்னால் வைத்த கேள்வி, அதற்கு மூன்று வருடம் முன்பு உலக சைக்கிள் சங்கத்தின் முன்னால் வந்த அதே கேள்வி.

முதலில் அவன் சொன்ன இயற்பியலைப் பார்ப்போம். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது. நடுவில் இருக்கும் ஹப், சைக்கிளின் வேகத்தில் போகிறது. உச்சிப் புள்ளியோ அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பாய்கிறது. சைக்கிள் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் சக்கரத்தின் உச்சி 100-இல் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். ஆகவே உச்சிக்கு வரும் ஒவ்வொரு கம்பியும், ஹப் அருகே படும் எதிர்ப்பைப்போல் நான்கு மடங்கு எதிர்ப்பை வாங்குகிறது. நம் ஊர்க் கருப்பு சைக்கிளில் முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. அத்தனையும் தயிர் கடைவதுபோல் காற்றைக் கடைந்துகொண்டே வருகின்றன. தட்டையான ஒரு தட்டு சுழன்றால் இந்தக் கடைசல் பெரும்பாலும் இல்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்று எதிர்ப்பில் பெரும்பங்கு ஓட்டுபவரின் உடம்புக்குத்தான். சக்கரத்தின் பங்கு சிறியது. ஆனால் ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டும்போது அந்தச் சிறியதும் மீட்டர் மீட்டராகச் சேரும்.

சைக்கிள் உலகில் 'ஒரு மணி நேரச் சாதனை' என்று ஒன்று உண்டு. தனி ஆள், வட்டப் பாதை, அறுபது நிமிடம், எத்தனை கிலோமீட்டர்? அவ்வளவுதான். 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ சிட்டியில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். கடல்மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் அது, அங்கே காற்று மெலிது. மெர்க்ஸின் சைக்கிளில் எடையைக் குறைக்கத்தான் பாடுபட்டார்கள். அன்று எல்லோரும் எதிரியாக நினைத்தது எடையைத்தான்.

1984 ஜனவரியில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் அதே ஊருக்கு வந்தார். வயது 32. அவருடைய சைக்கிள் மெர்க்ஸ் ஓட்டியதைவிடக் கனமானது. ஆனால் இரண்டு சக்கரத்திலும் கம்பியே கிடையாது, முழுத் தட்டு. உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் ரோம் நகர விளையாட்டு அறிவியல் நிறுவனத்தின் அந்தோனியோ தால் மோந்தே. ஜனவரி 19 அன்று 50.808, ஜனவரி 23 அன்று 51.151. பதினோரு வருடச் சாதனை ஒரே வாரத்தில் இரண்டு முறை உடைந்தது. எல்லாம் சக்கரத்தின் புண்ணியம் என்று சொல்லிவிட முடியாது. தன் ரத்தத்தையே எடுத்து வைத்து மீண்டும் ஏற்றிக்கொண்டதைப் பின்னாளில் மோசரே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அதற்குத் தடை இல்லை.

இங்கேதான் என் மாணவனின் கேள்வி வருகிறது. காற்றை ஏமாற்றுவதற்காக சைக்கிளின்மேல் எதையும் போர்த்தக் கூடாது என்பது பழைய சட்டம். 1913-இல் பிரான்சின் மார்செல் பெர்த்தே முட்டை வடிவ மூடிக்குள் உட்கார்ந்து ஓட்டிக் காட்டியதும், சங்கம் அடுத்த ஆண்டே அப்படிப்பட்ட மூடிகளைத் தடை செய்தது. 1933-இல் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்ந்து படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் சாதனையை உடைத்தார். 1934-இல் அந்த வகை சைக்கிளும் பந்தயத்திலிருந்து வெளியே போனது.

அப்படியானால் மோசரின் தட்டுச் சக்கரம் எப்படி உள்ளே வந்தது? கம்பியின்மேல் தட்டைப் போர்த்தினால் அது மூடி, தடை. கம்பியே இல்லாமல் தட்டே பாரம் தாங்கினால் அது சக்கரம், அனுமதி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். காற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பணத்தில்தான் வித்தியாசம். முதலாவதை எவரும் வீட்டுத் திண்ணையில் செய்துவிடலாம். இரண்டாவதற்கு அச்சு வேண்டும், கார்பன் இழை வேண்டும், பிசின் வேண்டும், கைத்திறன் வேண்டும். சட்டம் எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதவில்லை. ஆனால் ஏழையின் தட்டு வெளியே, பணக்காரரின் தட்டு உள்ளே என்று முடிந்தது.

ஆனாலும் கைவேலைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஸ்டீவ் ஹெட் என்ற சைக்கிள் பைத்தியம் 1980-களின் நடுவில் வீட்டுப் பட்டறையிலேயே தட்டுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார். அது பின்னாளில் உலக வீரர்கள் தேடிப்போகும் நிறுவனமானது. 1989-இல் டூர் த பிரான்ஸ் கடைசி நாள் தனி ஓட்டத்தில் கிரெக் லெமாண்ட் 50 வினாடி பின்தங்கியிருந்து, முடிவில் 8 வினாடியில் வென்றாரே, அப்போது லெமாண்ட், ஃபின்யோன் இருவர் சைக்கிளிலும் பின் சக்கரம் தட்டுதான். ஐந்தே வருடத்தில் அதிசயம் சாதாரணமாகிவிட்டது.

சட்டம் குறுக்கே வராத இடத்தில், பழகிப் பார்ப்பதற்கு மட்டும், வீட்டில் செய்வதானால் எப்படி? இதில் ஒரு அழகான பத்தாம் வகுப்புக் கணக்கு இருக்கிறது.

சக்கரத்தின் பக்கம் தட்டையானது அல்ல. ஹப் அகலம், ரிம் குறுகல். ஆகவே கம்பிகள் சேர்ந்து தாழ்ந்த ஒரு கூம்பாக நிற்கின்றன. வட்டமாக வெட்டிய தகட்டை அப்படியே வைத்தால் ஓரம் நெளியும், மடங்கும், ஓடும்போது படபடக்கும். (என் மாணவனின் அட்டை படபடத்தது எனக்கு நினைவிருக்கிறது.) ரிம்மின் ஆரம் 300 மில்லிமீட்டர், கூம்பின் உயரம் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிதாகரஸ் தேற்றப்படி சாயுயரம் 301.04. அந்த ஆரத்தில் வட்டம் வரைந்து, 300 ஆரமுள்ள சுற்றளவுக்குப் பொருந்த எவ்வளவு நீக்க வேண்டும் என்று பார்த்தால், ஓரத்தில் வெறும் 6.5 மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் பருமன்! ஓரத்திலிருந்து நடு வரை கத்தரியால் ஒரு வெட்டு, ஓரத்தில் அந்த ஆறரை மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டு. தகடு தானாகக் கூம்பாகி சக்கரத்தில் கச்சிதமாக உட்காரும். பல்சக்கரம் இருக்கும் பக்கம் கூம்பு இன்னும் தாழ்வு, அங்கே வெட்டு இன்னும் சிறியது.

தகட்டுக்கு அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாள் போதும். ஒரு பக்கத்துக்கு எடை சுமார் 130 கிராம்தான். முதலில் செய்தித்தாளில் மாதிரி வெட்டிப் பாருங்கள். மூடுவதற்கு முன்பே கடையில் கோட்டம் எடுத்துவிட வேண்டும், மூடிய பிறகு கம்பியை முறுக்க முடியாது. பிரேக் கட்டை பிடிக்கும் ரிம் ஓரத்தில் தாள் படவே கூடாது. காற்றடிக்க வால்வு அருகில் ஒரு துளை. இரண்டு பக்கத் தாளையும் கம்பிகளுக்கு ஊடே பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் இறுக்குங்கள். முக்கியமானது ஒன்று: பின் சக்கரம் மட்டும். முன் சக்கரத்தை மூடினால் பக்கக் காற்று பாய்மரத்தைப் பிடிப்பதுபோல் ஹேண்டிலைத் திருப்பிவிடும். மோசர் முன்னாலும் தட்டு வைத்தது போக்குவரத்து இல்லாத வட்டப் பாதையில்.

வீட்டுக் கைவேலைக்கு உச்சம் 1993. ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ தானே சைக்கிள் செய்தார். மிதி அச்சுக்கு அவர் போட்டது துணி துவைக்கும் இயந்திரத்தின் பேரிங். ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமரில், அதன் மாதிரியில் வேறொருவர் நேர்த்தியாகச் செய்து தந்த சைக்கிளில் முயன்று தோற்றார். மறுநாள் காலை தன் பழைய சைக்கிளையே எடுத்து 51.596 கிலோமீட்டர் ஓட்டி மோசரை வென்றார். ஆறாவது நாள் கிறிஸ் போர்ட்மன் அதையும் தாண்டினார் என்பது வேறு கதை. ஓப்ரீ கைகளை மார்புக்கடியில் மடக்கி உட்கார்ந்த முறையை அடுத்த வருடமே சங்கம் தடை செய்தது.

கருவிக்கு எவ்வளவு பங்கு என்பதை அளந்து காட்டியவரும் அந்தப் போர்ட்மன்தான். 1996-இல் மான்செஸ்டரில், கையை முன்னால் நீட்டிப் படுத்த நிலையில், நவீன சைக்கிளில் 56.375 கிலோமீட்டர். 2000-இல் சங்கம் பின்னோக்கிப் போய், மெர்க்ஸ் காலத்து மாதிரி கம்பிச் சக்கர சைக்கிளில் ஓட்டுவதே சாதனை என்றது. அதே போர்ட்மன், அதே மான்செஸ்டர்: 49.441. மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் அதிகம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். நான்கு வயது கூடியது கொஞ்சம் இருக்கலாம், மீதி எல்லாம் சைக்கிளும் உட்காரும் முறையும். 2014-இல் சங்கம் மறுபடி மனம் மாறியது. தட்டுச் சக்கரம் திரும்பி வந்தது.

அப்படியானால் 1987-இல் நான் தந்த தீர்ப்பு தப்பா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எல்லோரும் வாடகை சைக்கிளில் வந்த பந்தயம். ஒருவனுக்கு மட்டும் தட்டு என்பது நியாயம் இல்லை. தப்பு, சிரித்தது. பந்தயம் முடிந்ததும் அவனை அழைத்து, அட்டையோடு நாலு சுற்று, இல்லாமல் நாலு சுற்று ஓட்டச் சொல்லி, கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருக்கலாம். அந்த வேகத்தில், நெளிந்த சார்ட் அட்டையில், பெரிய வித்தியாசம் வந்திருக்காது. ஆனால் வரவில்லை என்பதை அவனே கண்டுபிடித்திருப்பான். ஏன் வரவில்லை என்று மறுநாள் வகுப்பில் கேட்டிருப்பான். ஆறரை மில்லிமீட்டர் கணக்கை அன்றைக்கே கரும்பலகையில் போட்டிருக்கலாம்.

தம்பி, இந்தப் பதிவு எப்படியாவது உன் கண்ணில் பட்டால், சார் இப்போதுதான் பதில் சொல்கிறார் என்று வைத்துக்கொள். நீ சொன்னது சரி. கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டேதான் சுற்றுகிறது.