விரைவு அயனிகளின் கொந்தளிப்புக் கடத்தல்

விரைவு அயனிகளின் கொந்தளிப்புக் கடத்தல் என்பது, காந்தப்புலத்தால் அடைத்து வைக்கப்பட்ட அணுக்கரு இணைவுப் பிளாஸ்மாவில், மிகு ஆற்றல் கொண்ட அயனிகள் நுண்கொந்தளிப்பினால் காந்தப்புலக் கோடுகளுக்குக் குறுக்காக இடம்பெயர்வதைக் குறிக்கும். டோக்காமாக் கருவிகளில் பிளாஸ்மாவைச் சூடாக்குவதில் இவ்வயனிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. தம் ஆற்றலைக் கொடுத்து முடிக்கும் முன்பே இவை மையத்தை விட்டு விலகினால் சூடாக்கம் குறையும். கலத்தின் சுவரும் சேதமடையலாம்.

தோற்றம்

டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் இணையும்போது 14.1 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் நியூட்ரானும், 3.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடன் ஆல்ஃபா துகளும் வெளிப்படுகின்றன. மின்னேற்றமற்ற நியூட்ரான் வெளியேறிவிடுகிறது. ஆல்ஃபா துகள் உள்ளே தங்கி, மோதல்கள் வழியாகப் பிளாஸ்மாவைச் சூடாக்குகிறது. வெளியிலிருந்து செலுத்தப்படும் நடுநிலை அணுக்கற்றைகளும், வானொலி அலைகளும் கூட விரைவு அயனிகளை உருவாக்குகின்றன.

சராசரியாதல்

பிளாஸ்மாவின் மையத்திற்கும் விளிம்பிற்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு சிறு சுழல்களைத் தோற்றுவிக்கிறது. இச்சுழல்களின் அலைவுறும் மின்புலம் அயனிகளைக் குறுக்காகத் தள்ளுகிறது. ஆனால் அயனி காந்தப்புலக் கோட்டைச் சுற்றி வட்டமிட்டபடியே செல்கிறது. 5.3 டெஸ்லா புலத்தில், 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் டியூட்டீரிய அயனியின் வட்ட ஆரம் ஏறத்தாழ அரை செ.மீ.; புதிதாய்ப் பிறந்த ஆல்ஃபா துகளுக்கு இது 5 செ.மீ. வரை இருக்கும். சுழல்களின் அளவோ சில செ.மீ. மட்டுமே. ஆற்றுச் சுழியில் காய்ந்த சருகு சிக்கிக்கொள்ளும். பல சுழிகளின் மேல் கிடக்கும் நீண்ட தெப்பம் அவ்வாறு சிக்குவதில்லை. அதுபோலவே, பெரிய வட்டத்தில் சுற்றும் அயனி மீது எதிரெதிர்த் திசைத் தள்ளல்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன.

சோதனைகள்

1990களில் பிரின்ஸ்டனின் டி.எஃப்.டி.ஆர். உள்ளிட்ட கருவிகளில், விரைவு அயனிகளின் விரவல் சாதாரண அயனிகளுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவே காணப்பட்டது. எனவே கொந்தளிப்பைப் புறக்கணிக்கலாம் என்ற எண்ணம் நிலவியது.

2007இல் இவ்வெண்ணம் ஆட்டம் கண்டது. செருமனியின் கார்ச்சிங்கில் உள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு கருவியில், மையத்திலிருந்து விலக்கிச் செலுத்தப்பட்ட கற்றை, அதிக வெப்பத்திறனில், கணித்தபடி மின்னோட்டப் பரவலை மாற்றவில்லை. 2009இல் சான் டியேகோவின் டி-3-டி கருவியிலும் கணிப்பிலிருந்து விலகல் அளவிடப்பட்டது. பிளாஸ்மா வெப்பநிலை மிகுந்தும் அயனியின் ஆற்றல் குறைந்தும் இருந்தபோது விலகல் கூடியது. அதாவது, முக்கியமானது ஆற்றல் மட்டுமன்று. வெப்பநிலையுடன் அதன் விகிதமே ஆகும். சிக்கல் இத்துடன் தீரவில்லை. அதே டி-3-டியில் செய்யப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு, பிற நிலையின்மைகள் அடங்கிய பிளாஸ்மாவில் இவ்விளைவு பொருட்படுத்தத்தக்கதன்று என்று முடிவு செய்தது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள டார்பெக்ஸ் கருவி டோக்காமாக் அன்று. எளிய வளையக் கருவி. அதில் ஹைட்ரஜன் பிளாஸ்மாவினுள் லித்தியம்-6 அயனிகள் செலுத்தப்பட்டன. வழக்கமான விரவலில் பரவலின் மாறுபாடு நேரத்திற்கு நேர்விகிதத்தில் வளரும். இங்கு 30 எலக்ட்ரான்வோல்ட் அயனிகளுக்கு அதைவிட வேகமாகவும், 70 எலக்ட்ரான்வோல்ட் அயனிகளுக்கு மெதுவாகவும் வளர்ந்தது.

ஈட்டர் உலை

தெற்கு பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் உலையில் கற்றையின் ஆற்றல் 1 மெகா எலக்ட்ரான்வோல்ட். வெப்பநிலை 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எனக் கொண்டால் விகிதம் 50. ஆல்ஃபா துகளுக்கு 175. இவ்வளவு உயர்ந்த விகிதத்தில் கொந்தளிப்பின் பிடி வலுவற்றது. வேகம் தணிந்த பின்னரே ஆல்ஃபா துகள்கள் சுழல்களுடன் சேர்ந்து நகர்கின்றன. எரிந்து முடிந்த ஹீலியம் மையத்தில் தேங்காமல் வெளியேற வேண்டியிருப்பதால், அக்கட்டத்தில் அது விரும்பத்தக்கதே.