வயிறு நிறைந்தும் பட்டினி

இரை எடுக்க மறுத்த பாம்புக்குட்டி இறந்துபோனால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கொடுத்த மீனையெல்லாம் விழுங்கி, நாளொரு வண்ணமாக வளர்ந்து வந்த குட்டி ஒன்று திடீரென உடலை முறுக்கிக்கொண்டு புரளத் தொடங்குகிறது. மல்லாத்திவிட்டால் அதனால் திரும்பிக் கவிழ இயலவில்லை. வலிப்பு வருகிறது, இறந்துவிடுகிறது. அடுத்து, அதே ஈற்றில் பிறந்த இன்னொன்று. பிறகு மற்றொன்று.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கார்ட்டர் பாம்புகளைப் பெட்டிகளில் வளர்த்து இனம்பெருக்கச் செய்வோர் பலர் உண்டு. அவர்களில் பலருக்கு நேர்ந்த இழப்பு இது. குட்டியின் உடலில் காயமில்லை. வயிறும் காலியாக இல்லை. பின் எதனால் இறந்தது?

இதற்கான விடை பாம்புப் பெட்டிக்குள் மட்டும் தேடிக் கிடைத்ததன்று. கோழி, கைக்குழந்தை, நரி ஆகிய மூன்றின் துன்பங்களை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகளாகத் திரட்டிய அறிவிலிருந்தே அது கிடைத்தது. அந்த வரலாற்றைக் காண்போம்.

குட்டி போடும் பாம்பு

கார்ட்டர் என்பது காலுறை நழுவாமல் இருக்க மேல்நாட்டார் கட்டிக்கொள்ளும் பட்டை. உடல் நெடுகிலும் ஓடும் பட்டைக்கோடுகளால் இப்பாம்புக்கு அப்பெயர் வந்தது. இதன் பொதுவான இனத்துக்கு 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டினார். நம் ஊர்க் குளங்களில் காணும் தண்ணீர்ப் பாம்புக்கு இது உறவுமுறை. ஆனால் நம் தண்ணீர்ப் பாம்பு முட்டையிடும். கார்ட்டர் பாம்போ குட்டி போடும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் பத்து முதல் நாற்பது குட்டிகள் வரை பிறக்கும். குட்டி ஒவ்வொன்றும் பென்சிலைவிட மெல்லியது. பிறந்த பின் தாய் அவற்றைக் கவனிப்பதில்லை.

காட்டில் இக்குட்டிகளில் பல பறவைகளுக்கும் குளிருக்கும் இரையாகும். குட்டிகள் ஏராளமாகப் பிறப்பது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். ஆனால் பகையும் குளிரும் இல்லாத பெட்டிக்குள் குட்டிகள் இறந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும் அல்லவா?

காட்டில் இப்பாம்பு மண்புழு, தவளை, தலைப்பிரட்டை, மீன் என்று பலவற்றையும் தின்னும். பெட்டியில் வளர்ப்பவருக்கு எளிதில் கிடைப்பது மீன். அதிலும் மீன் கடையில் மலிவாக விற்கும் தங்கமீனும் சிறு கெண்டைகளும். ஒரே வகை மீனையே நாள்தோறும் கொடுக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

கோழி சொன்ன செய்தி

1886-ஆம் ஆண்டில் டச்சு அரசு ஜாவாத் தீவுக்கு ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. கால்களைத் தளரச் செய்து, இதயத்தைத் தாக்கி, படைவீரர்களையும் கைதிகளையும் கொன்று வந்த பெரிபெரி நோயின் கிருமியைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். அக்குழுவில் சென்ற கிறிஸ்தியான் எய்க்மான் என்ற மருத்துவர், பட்டேவியா நகரில் தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் அதே போன்ற தளர்ச்சியால் தள்ளாடுவதைக் கண்டார். பிறகு அவை தாமாகவே தேறிவிட்டன.

விசாரித்தபோது சமையலறையில் விடை கிடைத்தது. சில மாதங்கள் கோழிகளுக்கு, இராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்து அரிசியைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். மலிவான தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்தன.

தீட்டிய அரிசியில் ஏதோ ஒரு நச்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று எய்க்மான் கருதினார். அவருக்குப் பின் அங்கு ஆராய்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901-இல் வேறு விளக்கம் கூறினார். நச்சு எதுவும் இல்லை. உடலுக்கு வேண்டிய ஏதோ ஒன்று தீட்டிய அரிசியில் இல்லை என்றார். கிரைன்ஸ் சொன்னதே சரி. எய்க்மானின் ‘நச்சு’ கைவிடப்பட்டது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

மணிலாவின் குழந்தைகள்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இந்நோய் மேலும் கொடிய வடிவம் எடுத்தது. தாய்ப்பால் மட்டுமே குடித்து வந்த இரண்டு மூன்று மாதக் குழந்தை திடீரென மூச்சுத் திணறும், அழுதால் குரல் வெளிவராது, விரைவில் இறந்துவிடும். குழந்தை பட்டினி கிடக்கவில்லை. ஆனால் தாய் உண்டது தீட்டிய அரிசி. தாயிடம் இல்லாதது பாலிலும் இல்லை. அமெரிக்க இராணுவ மருத்துவர் எட்வர்ட் வெடர், தவிட்டிலிருந்து இறக்கிய சாற்றைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். சாகக் கிடந்த குழந்தைகள் எழுந்தன.

1910-இல் வெடர் அச்சாற்றை இராபர்ட் வில்லியம்ஸ் என்ற இளம் இரசாயன அறிஞரிடம் கொடுத்து, அதில் வேலை செய்யும் பொருளைப் பிரித்தெடுக்குமாறு கேட்டுக்கொண்டார். இந்த வில்லியம்ஸ் 1886-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர். 1926-இல் யான்சன், டோனாத் என்ற இருவர் பட்டேவியாவில் அப்பொருளைப் படிகமாகப் பிரித்தனர். 1936-இல் வில்லியம்ஸ் அதைச் செயற்கையாகவே ஆக்கிக் காட்டினார். வைட்டமின் பி1 என்றும் தயாமின் என்றும் நாம் அழைப்பது அதுவே. மாவுப்பொருளிலிருந்து உடல் ஆற்றல் பெறுவதற்குத் தயாமின் இன்றியமையாதது. ஆகவே அது குறைந்தால் ஓயாமல் உழைக்கும் மூளையும் நரம்பும் இதயமும் முதலில் தவிக்கின்றன.

நரிப் பண்ணையில் புதிர்

1932-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சாஸ்டெக் என்பவர் நடத்திய நரிப் பண்ணையில் நரிகள் தள்ளாடி, வாதம் கண்டு இறந்தன. ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட அந்நரிகளின் தீவனத்தில் பச்சைக் கெண்டை மீன் சேர்க்கப்பட்டிருந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீனும் எவான்ஸும் இதை ஆராய்ந்தனர். தயாமின் கொடுத்தால் நரிகள் தேறின. ஆகவே இதுவும் தயாமின் பற்றாக்குறையே.

ஆனால் ஒரு முரண்பாடு எழுந்தது. நரிகளின் தீவனத்தில் தயாமின் குறைவாக இல்லை. மீன் சேர்க்காத தீவனம் உண்ட நரிகளுக்கு நோய் வரவில்லை. அதே மீனை வேகவைத்துக் கொடுத்தாலும் நோய் வரவில்லை! இல்லாமையால் வந்த நோய் என்றால், ஒரு பொருளைச் சேர்ப்பதால் எப்படி வரும்?

பச்சை மீனில் தயாமினை அழிக்கும் பொருள் ஒன்று இருப்பது 1941-இல் தெரியவந்தது. அது ஒரு நொதி, பெயர் தயாமினேஸ். தயாமின் மூலக்கூறு இரண்டு வளையங்களால் ஆனது. கொக்கியால் இணைந்த இரண்டு ரயில் பெட்டிகளைப் போல, அவை ஒரு கரியணுவால் இணைக்கப்பட்டிருக்கின்றன. தயாமினேஸ் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பெட்டிகள் இரண்டும் இருக்கின்றன, ரயில் ஓடாது.

இப்போது எய்க்மானின் கைவிடப்பட்ட கருத்தை நினைத்துப் பாருங்கள். உணவில் ஏதோ ஒன்று ‘இருப்பதால்’ நோய் வருகிறது என்றார் அவர். அரிசியைப் பொறுத்தவரை அது தவறு. பச்சைக் கெண்டையைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை.

மீண்டும் பாம்புப் பெட்டிக்கு

தங்கமீனும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அதில் தயாமினேஸ் உண்டு. சிறு கெண்டைகள் பலவற்றிலும் உண்டு. அவற்றை மட்டுமே விழுங்கும் பாம்புக்குட்டியின் வயிறு நிறைகிறது; ஆனால் உடலில் தயாமின் அழிந்துகொண்டே வருகிறது. முறுக்கிப் புரள்வதும், மல்லாந்தால் திரும்ப முடியாமல் தவிப்பதும் நரம்பு மண்டலம் விடுக்கும் கூக்குரல்.

இதில் தாய்க்கும் பங்கு உண்டு என்பதைச் சால்மன் மீன்கள் காட்டின. 1974-இல் சுவீடன் நாட்டுக் குஞ்சு பொரிப்பகங்களில் பால்டிக் கடல் சால்மன் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. வட அமெரிக்கப் பேரேரிகளின் சால்மன் குஞ்சுகளும் பிற்பாடு இவ்வாறே சுழன்று நீந்தி மாண்டன. அவை இரை எடுக்கத் தொடங்கும் முன்னரே இறந்தவை. 1990-களில் காரணம் புலப்பட்டது: முட்டையிலேயே தயாமின் போதவில்லை. பேரேரிகளில் தாய் மீன்கள் தின்றது தயாமினேஸ் மிகுந்த ஏல்வைஃப் என்னும் சிறு மீன். தயாமின் கரைத்த நீரில் குஞ்சுகளை வைத்தபோது அவை பிழைத்தன. மணிலாக் குழந்தைகளின் கதை ஏரியில் மீண்டும் நடந்தது என்றே சொல்லலாம். பாம்புக்குட்டியும் தன் முதல் இருப்பைத் தாயிடமிருந்தே பெறுகிறது. எனவே குட்டிகளைக் காக்க விரும்புவோர் சினைப்பாம்பின் உணவிலிருந்தே கவனம் செலுத்த வேண்டும்.

பரிகாரம் கடினமானதன்று. தயாமினேஸ் இல்லாத ட்ரௌட், சால்மன் போன்ற மீன்களைக் கொடுக்கலாம். மண்புழு, சுண்டெலிக் குஞ்சு என்று இரையை மாற்றி மாற்றித் தரலாம். சந்தேகமான மீனை 80 பாகை செல்சியஸ் வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் நொதி செயலிழக்கும். அதே வெப்பம் தயாமினில் ஒரு பகுதியையும் கெடுக்குமாதலால், தயாமினைத் தனியே சேர்ப்பது நல்லது. பனிப்பெட்டியில் வைப்பது மட்டும் உதவாது. குளிர் நொதியின் வேலையைத் தாமதப்படுத்துமேயன்றி, நொதியை அழிக்காது. வெப்பமோ அப்புரதத்தின் வடிவத்தையே குலைத்துவிடுகிறது.

குட்டிகள் இறப்பதற்கெல்லாம் இதுவே காரணம் என்று கொள்ளக்கூடாது. ஈரம் குறைந்தும், இரை எடுக்காமலும், பிறக்கும்போதே குறையுடனும் இறப்பவை உண்டு. நோயுற்ற குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பதைச் சட்டம் தடைசெய்கிறது என்பதையும் மாணவர்கள் மறக்கலாகாது.

இவ்வரலாற்றில் நமக்கு நெருக்கமான பாடம் ஒன்றும் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. சென்னை மாகாணத்தின் வடபகுதியில் தீட்டிய பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி காணப்பட்டபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பியது இதனால்தான். குன்னூரில் இருந்த உணவு ஆராய்ச்சிக்கூடம் 1930-களில் ஆராய்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. அந்தக் காலத்தில் நெல் அவித்த நம் பாட்டிமார்கள் தயாமின் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆயினும் அவர்கள் மடியிலிருந்த குழந்தைகளை அது காத்தது.

உணவின் அளவைப் பார்த்து நாம் திருப்தி அடைந்துவிடுகிறோம். உண்டது உடலில் என்ன ஆகிறது என்று கேட்க, கோழியும் நரியும் பாம்புக்குட்டியும் நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றன.