வக்கீல்கள் கட்டிய பெண்வேடம்

சில ஆண்டுகளுக்கு முன், துறை விழாவுக்காக நாடகம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். மூன்றாமாண்டு மாணவி ஒருத்திக்கு முக்கிய வேடம். குரல் நன்றாக இருந்தது, வசனம் இரண்டே நாளில் மனப்பாடம். மூன்றாம் நாள் அவளுடைய அப்பா வந்துவிட்டார். துறை வாசலில் கிடந்த பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தயங்கியபடியே சொன்னார்: “பேச்சுப் போட்டின்னா அனுப்புறேன் மேடம். கவிதை வாசிக்கச் சொல்லுங்க, அதுக்கும் சரி. நாடகம் மட்டும் வேணாம். நாங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்ல.”

அவர் கோபப்படவில்லை. கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் பேசினார். என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. வேடத்தை வேறொரு மாணவிக்குக் கொடுத்தேன். அதே வாரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், இளங்கலை மாணவர்கள் இருவர் சேலை கட்டி நடித்து விசிலும் கைதட்டலும் வாங்கினார்கள். அவர்களுடைய அப்பாக்கள் யாரும் துறை வாசலுக்கு வந்ததாகத் தகவல் இல்லை.

‘அப்படிப்பட்ட குடும்பம்’ என்றால் எப்படிப்பட்ட குடும்பம்? ஒரு பெண் மேடையேறினால் அவளுடைய குடும்பத்தைப் பற்றியும், ஓர் ஆண் ஏறினால் அவனுடைய திறமையைப் பற்றியும் பேசும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்குப் பல வேர்கள் உண்டு. அவற்றில் ஒன்று, தமிழ் நாடக வரலாற்றில் நாம் பெருமையோடு நினைவுகூரும் ஓர் இடத்தில் இருக்கிறது. அது அமெச்சூர் சபா.

1891இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியலுவின் சரச விநோதினி சபா சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்தியது. பார்வையாளர்களில் ஒருவர் பதினெட்டு வயது மாணவரான பம்மல் சம்பந்தம். அதுவரை தமிழ் நாடகத்தின்மீது தமக்கு வெறுப்புதான் இருந்தது என்று பிற்காலத்தில் அவரே தம் ‘நாடகமேடை நினைவுக’ளில் எழுதினார். பல்லாரிக் குழு அவரை மாற்றியது. நாடகத்தின் தரத்துக்கு அதில் பங்கு உண்டு. நடித்தவர்கள் யார் என்பதற்கும் சம அளவில் பங்கு உண்டு. கிருஷ்ணமாச்சாரியலு ஒரு வக்கீல். அவரோடு மேடையேறியவர்களும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். ‘இப்படிப்பட்டவர்களும் நடிக்கலாம்’ என்ற திறப்பு அந்த மாணவருக்கு அங்கேதான் கிடைத்தது.

அதே ஆண்டு ஜூலை முதல் தேதி, நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அவர் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். 1893இல் ‘புஷ்பவல்லி’, 1895இல் ‘மனோகரா’ என்று நாடகங்கள் வரத் தொடங்கின. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள விக்டோரியா பப்ளிக் ஹால் சபையின் மேடையாயிற்று. உறுப்பினர்கள் மாணவர்கள், வக்கீல்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள். பம்மல் சம்பந்தமே பின்னர் வக்கீலாகி, 1924இல் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியும் ஆனார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இச்சபையின் நடிகர்தான். மனோகரனாக அவர் நடித்ததை இன்றும் பெருமையாக எழுதுகிறார்கள்.

இச்சபையில் பெண் பாத்திரங்கள் அனைத்தையும் ஆண்களே கட்டினார்கள். பம்மல் சம்பந்தத்துக்கு எதிரே கதாநாயகியாகப் பல ஆண்டுகள் நடித்தவர் சி.ரங்கவடிவேலு. அவரும் வக்கீல். பகலில் சட்டப் புத்தகம், மாலையில் சேலையும் ஒப்பனையும். இதனால் அவருடைய கண்ணியத்துக்குக் குறை எதுவும் வரவில்லை. அவருடைய நளினத்தைத் தம் நினைவுக்குறிப்புகளில் பம்மல் மனம் திறந்து கொண்டாடுகிறார்.

அந்த நட்பின் அழகைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. இழிவாகக் கருதப்பட்ட ஒரு கலைக்குப் படித்தவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்தது சிறிய காரியமும் அன்று. நான் கேட்பது வேறு. அதே காலத்தில் பெண்கள் எங்கே நடித்துக்கொண்டிருந்தார்கள்?

கும்பகோணத்தில் நடித்துக்கொண்டிருந்தார்கள். தேவதாசி மரபில் வந்த பாலாமணி அம்மாள் அங்கே ஒரு நாடகக் கம்பெனியையே நடத்தினார். அதில் நடித்தவர்கள் பெண்கள். ராஜா வேடமும் அவர்களுடையதே, மந்திரி வேடமும் அவர்களுடையதே. அந்த நாடகங்களைப் பார்ப்பதற்காகவே வெளியூர்களிலிருந்து ரயிலேறிக் கூட்டம் வந்தது. ஒரு கம்பெனியை நடத்துவதென்றால் நடிகைகளைப் பழக்கவேண்டும், சம்பளம் கொடுக்கவேண்டும், கொட்டகைக்கு ஏற்பாடு செய்யவேண்டும், டிக்கெட் விற்கவேண்டும். இன்றைய சொல்லில் பாலாமணி ஒரு தயாரிப்பாளர், இயக்குநர், நிர்வாகி. ஆனால் நாடக வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பத்தி. அதிலும் பாதி அவருடைய அழகைப் பற்றியது, மீதி அவரைப் பார்க்கப் போன ஆண்களைப் பற்றியது.

சென்னையில் ஆண்கள் பெண்களாக நடித்தார்கள். கும்பகோணத்தில் பெண்கள் ஆண்களாக நடித்தார்கள். முதலாவதற்குக் கலைச்சேவை என்று பெயர் வந்தது. இரண்டாவதற்கு வந்த பெயர் ‘தாசி நாடகம்’.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட சொல்தான் ‘அமெச்சூர்’. மூலத்தில் அதற்கு விருப்பத்தால் செய்பவர், அன்பு கொண்டவர் என்று பொருள். நம் ஊரில் அதன் பொருள் வேறாயிற்று. அமெச்சூர் என்றால் நடிப்பிலிருந்து பிழைக்க வேண்டிய அவசியம் இல்லாதவர், வேறு உத்தியோகம் இருப்பவர். அதாவது, நடிப்பின் தரத்தைக் குறித்த சொல் அன்று அது. நடிப்பவரின் பின்னணியைக் குறித்த சொல்.

அந்தப் பின்னணிக்குள் யாரெல்லாம் வர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். உத்தியோகம் வேண்டும். அதற்கு ஆங்கிலக் கல்வி வேண்டும். அந்தக் கல்வி அன்று எந்தச் சாதிகளுக்கு எளிதாகக் கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். உத்தியோகம் முடிந்து மாலையில் ஒத்திகைக்கு ஓய்வு வேண்டும். ஒத்திகை முடிந்து இரவு வீட்டுக்குப் போனால் சோறு தயாராக இருக்க வேண்டும், பிள்ளைகளை யாரோ தூங்கவைத்திருக்க வேண்டும். அமெச்சூர் நடிகரின் ஓய்வுநேரம் என்பது பாதி அவருடைய சம்பளத்தால் ஆனது, மறுபாதி வீட்டுப் பெண்ணின் சம்பளமில்லா உழைப்பால் ஆனது. அந்தப் பெண்ணைப் பற்றிய பாத்திரத்தை மேடையில் அவரே நடித்தார்.

கோட்டுக்கு மறுபுறம் இருந்தது பிழைப்பு. அங்கே ஆண்களும் இருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தார் தி.க.சண்முகம். அவருடைய தகப்பனாரும் ஸ்திரீபார்ட் நடிகர். எம்.ஜி.ஆரும் அவருடைய அண்ணனும் பாய்ஸ் கம்பெனிக்குப் போனதற்கு வீட்டு வறுமை காரணம். ‘கூத்தாடி’ என்ற வசை இந்த ஆண்களையும் விடவில்லை. ஆனால் அவர்களுக்கு அதிலிருந்து மேலே ஏற ஒரு படிக்கட்டு இருந்தது. வறுமையில் தொடங்கிய வாழ்க்கை பிற்காலத்தில் ‘நாடகப் பயிற்சி’ என்ற தகுதியாக மாறியது.

பெண்களுக்கு அந்தப் படிக்கட்டு வழுக்கிக்கொண்டே இருந்தது. திருவையாற்றில் பிறந்த டி.பி.ராஜலட்சுமி, சிறுவயதுத் திருமணம் முறிந்தபின் நாடகத்துக்கு வந்தவர். 1931இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி. 1936இல் ‘மிஸ் கமலா’வை எழுதி இயக்கினார். கொடுமுடியில் பிறந்த கே.பி.சுந்தராம்பாள் வறுமையால் சிறுமியாகவே நாடக மேடைக்கு வந்தவர். காங்கிரஸ் மேடைகளிலும் பாடினார். 1951இல் சட்டமேலவை உறுப்பினராகவும் ஆனார். சத்தியமூர்த்தியைப் பற்றி எழுதும்போது ‘தலைவர், நடிகரும்கூட’ என்கிறோம். நடிப்பு அங்கே கூடுதல் அணி. சுந்தராம்பாளைப் பற்றி எழுதும்போது, ‘நடிகையாக இருந்தும்’ என்று ஓர் ‘உம்’ வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டுமே உம்தான். ஒன்று கூட்டுகிறது, மற்றொன்று மன்னிக்கிறது.

அந்த உம் இன்னும் தேயவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகைகளிடையே நெடுங்காலம் ஆய்வு செய்த சூசன் சைசர், தம் நூலில் ஒரு பழக்கத்தைக் குறித்திருக்கிறார். இரவு நாடகத்துக்குப் போகும் நடிகைகள், பேருந்து நிலையத்தில் ஊர்க்கண்ணில் படாமலிருக்க, முடிந்தால் தனி வண்டி பிடித்து அதற்குள்ளேயே உட்கார்ந்து பயணம் செய்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பகுதி இப்படி ‘குடும்பப் பெண்’ணாகத் தெரிவதற்கே செலவாகிறது. ரங்கவடிவேலு விக்டோரியா ஹாலுக்குப் போக இப்படி ஒளிய வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கோட்டைப் பெண்கள் தாண்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990களில் அ.மங்கையின் இயக்கத்தில் ‘மௌனக்குறம்’ போன்ற படைப்புகளும், பெண்சிசுக் கொலையைப் பேசிய ‘பச்ச மண்ணு’ம் வந்தன. வ.கீதா எழுதி மங்கை இயக்கிய ‘காலக்கனவு’ நம் பெண்ணிய வரலாற்றையே மேடையில் பேசியது. இங்கே நடித்தவர்களில் பலரும் நாடகத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். சொல் அளவில் இவர்களும் அமெச்சூர்தான். ஆனால் சபா ஆண்கள் தங்கள் பின்னணியைக் கவசமாக அணிந்து மேடையேறினார்கள். இந்தப் பெண்களோ தங்கள் பின்னணியையே நாடகத்தின் பொருளாக்கினார்கள். பிறப்பு, பூப்பு, திருமணம், பிரசவம் என்று எது வீட்டுக்குள் கிடக்க வேண்டுமென்று சொல்லப்பட்டதோ, அது மேடைக்கு வந்தது.

மறுபடி அந்த அப்பாவிடம் வருகிறேன். அவர் சபா ஆள் அன்று. விவசாயி. பாலாமணியின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் நூறாண்டுக்கு முன் நகரத்துப் படித்த ஆண்கள் போட்ட கோடு, அவருடைய ஊர்வரை, அவருடைய மகளின் குரல்வளைவரை வந்து சேர்ந்திருந்தது. தம் மகள்மீது சேறு பட்டுவிடக் கூடாதென்று அவர் பயந்தார். அந்தப் பயம் பொய்யன்று. சேற்றை எறிந்தவர்கள் வேறு யாரோ.

அந்த மாணவி அன்று மேடையேறவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக்கொடுத்தாள். எல்லாருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது.

அதற்குப் பிறகு துறை நாடகங்களுக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது ஒரு மாற்றம் செய்தோம். நடிப்பவர் பெயருக்குக் கீழே ஒரு வரி, அவரவர் விருப்பப்படி. ‘அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறார்’ என்று ஒருத்தி எழுதினாள். ‘எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி’ என்று இன்னொருத்தி. ‘என் பாட்டி கரகம் ஆடியவர்’ என்று எழுதிக் கொடுத்த மாணவி, அச்சுக்குப் போகும்முன் திரும்பி வந்தாள். அந்த வரியை எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன். பாட்டியின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கேட்டாள்.