அப்பாவின் ஹெரால்டும் ஒரு எல்.ஆர். சீட்டும்

தில்லியில் பதினைந்து வருஷத்துக்கு மேலான பெட்ரோல் வண்டி ஓடக் கூடாது என்று 2014-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கள் மயூர் விஹார் வாசலில் நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அப்போது வயசு நாற்பத்தொன்பது! தாம்பரத்தில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டேன்.

"விக்கறதெல்லாம் வேண்டாம்டா. இங்க அனுப்பிடு."

ஓட்டிக்கொண்டே போயிடலாமே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். 2,200 கிலோமீட்டர் என்றதும் தங்கமணி பார்த்த ஒரு பார்வையில் அந்த யோசனை அங்கேயே செத்துப்போச்சு :-)

இந்த வண்டியைப் பத்தி கொஞ்சம் சொல்லணும். வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து செய்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவம் போட்டவர் இத்தாலிக்காரர் மிக்கெலோத்தி. அங்கே ரெண்டு கதவுதான். நம்ம ஊரில் குடும்பமே ஏறணுமே, அதனால் பின்னாடி வந்த மாடலில் நாலு கதவு வைத்தார்கள். வேறெந்த நாட்டிலும் அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவில் மெட்ராஸ்காரர்களின் சொந்தக் கார்.

இப்போ கொசுவத்தியைச் சுத்தறேன். 1974-ல் அப்பா இதை செகண்ட் ஹாண்டில் பதினோராயிரத்துக்கு வாங்கினார். 1976-ல் தில்லிக்கு மாற்றல். அந்தக் காலத்தில் காரை தூரமாக அனுப்ப ரெண்டே வழி. ஒண்ணு, டிரைவர் போட்டு ஓட்டிப் போகச் சொல்வது. (எண்ணூரிலிருந்து லேலண்ட் சேஸிஸ்கள், கூண்டே இல்லாமல், வெயிலில் டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்களே.) இன்னொண்ணு, ரயில். அரசு ஊழியருக்கு மாற்றல் படியில் கார் அனுப்பும் செலவும் கிடைத்ததால் அப்பா ரயில் வழியைப் பிடித்தார். சக்கரத்துக்கு மரக்கட்டை அண்டக் கொடுத்து, கயிறு போட்டுக் கட்டி, வேகனில் ஏற்றினார்களாம்.

புக்கிங் கிளார்க் கேட்டது ஒரே கேள்வி: "ஓனர்ஸ் ரிஸ்க்கா, ரயில்வே ரிஸ்க்கா?" முதலாவது கட்டணம் குறைவு. வழியில் சேதமானால் பெரும்பாலும் உங்கள் பாடு. ரெண்டாவதில் கூடுதல் பணம், பொறுப்பு ரயில்வேக்கு. அப்பா கூடுதலாகக் கட்டிவிட்டார். அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறார்.

நாற்பது வருஷத்தில் எல்லாம் மாறிவிட்டது. 1983 டிசம்பரில் குர்காவ்னில் மாருதி வந்தது. 1998-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் உற்பத்தி ஆரம்பித்தது. அங்கே செய்த கார் இங்கே வரணும், இங்கே செய்தது அங்கே போகணும். டிரெய்லருக்கு ரெண்டு பக்கமும் லோடு. நம்மைப் போல மாற்றலாகிப் போகிறவர்களின் பழைய காரும் அந்தச் சந்தில் ஏறிக்கொள்கிறது. ரயிலும் விடவில்லை. பயணிகளைச் சுமந்து வயசான பெட்டிகளின் ஜன்னலையெல்லாம் அடைத்து, கார் ஏற்றுகிற வேகனாக மாற்றியிருக்கிறார்கள். பெரம்பூரில் செய்த பெட்டிகள். நாம் ஜி.டி.யில் கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்ட பெட்டிகூட அதில் இருக்கலாம்.

சரி, 2019 பிப்ரவரி. ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கியாச்சு. முதலில் பேசிய ஏஜெண்டு பதினாலாயிரம் என்றான். மற்றவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் கொஞ்சம்தான்! அவன் நீட்டிய பேப்பரில் பொருளின் மதிப்பு என்ற இடத்தில் "பழைய கார், 15,000" என்று எழுதியிருந்தான். எனக்கு அப்பாவின் ரசீது ஞாபகம் வந்தது.

உட்கார்ந்து சட்டத்தைத் தோண்டினேன். 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட கேரியர்ஸ் சட்டம்தான் 2011 வரை லாரிகளுக்கும். 1865-ல் ஏது லாரி! 2007-ல் நிறைவேறிய புதுச் சட்டம் 2011 மார்ச்சில்தான் அமலுக்கு வந்தது. அதன்படி, வழியில் சேதமானால் கம்பெனியின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கிடைக்கும் பணம் சாதாரணமாக வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது. அதுவும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. மொத்தக் காரும் நொறுங்கினாலும் அவன் பதினைந்தாயிரத்தோடு கைகழுவியிருக்கலாம்.

வேறு கம்பெனி. இருபத்துநாலாயிரம் வாடகை, மதிப்பு இரண்டு லட்சம் என்று என் கையாலேயே எழுதினேன். இன்ஷூரன்ஸ் தனி. சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ஏற்றினார்கள். எல்லாப் பக்கமும் போட்டோ, கிலோமீட்டர் ரீடிங், டிரைவர் கையெழுத்து. டாங்கில் கொஞ்சம்போல பெட்ரோல், பாட்டரி ஒயரைக் கழற்றியாச்சு. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். ரெண்டு பக்கக் கொக்கியும் தளர்ந்த வண்டி, அதனால் திறந்த டிரெய்லர் வேண்டாம், மூடியதுதான் என்று பிடிவாதம் பிடித்தேன். பம்பரில் பெல்ட் போட வந்த பையனைத் தடுத்து சக்கரத்தில் போட வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ராத்திரி அப்பாவிடமிருந்து போன். டார்ச் அடித்து ஒவ்வொரு இன்ச்சாகப் பார்த்தாராம். இடது மட்கார்டில் ஒரு கீறல்.

"அது 1982-லயே இருக்குப்பா."

"தெரியும். மதிப்பு எவ்வளவுன்னு போட்டே?"

"ரெண்டு லட்சம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அந்தச் சீட்டை எனக்கு அனுப்பிடு. ரயில்வே ரசீதோட வச்சுக்கறேன்."