ஊசியும் நம்பிக்கையும்: நெகிரி செம்பிலான் தோட்டங்கள் கற்பிக்கும் பாடம்

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசிக்குத் தயங்கிய பெரியவர்களை 'அறியாதவர்கள்' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இருந்தது. அத்தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு என்பதையே இச்சொற்பொழிவில் எடுத்துரைக்க விழைகிறோம். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ், கோலப்பிலா வட்டாரங்களின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு ஊசி என்பது மருத்துவம் மட்டுமன்று. தம்மைக் கேளாமல் தம் உடல்மீது பிறர் எடுத்த முடிவுமாகும்.

பெரியம்மையிலிருந்து தொடங்குவோம். பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று எட்வர்டு ஜென்னர் 1796-இல் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் அம்முறை சென்னை மாகாணத்தை எட்டியது. ஆனால், தமிழர்க்குப் பெரியம்மை வெறும் நோயன்று; அது அம்மையின் வருகை. வாயிலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை நோன்பிருந்த குடும்பங்கள் அவை. நலமாய் இருக்கும் உடலில் கீறி அம்மையை ஏற்றுவது தாயைச் சினமூட்டும் செயலென்றே அவர்கட்குத் தோன்றியது.

இதனை உணர்ந்தவர்களுள் ஒருவர், சென்னையில் அலுவல் புரிந்தவரும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான எல்லிஸ். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக அமைத்து, பசுவின் வழியாகத் தேவி அருளிய கொடையே இப்புதிய மருந்து என விளக்கும் படைப்பொன்றை அவர் ஆக்கினார். தெய்வத்தின் வாயில் தம் சொற்களை ஓர் அரசு அலுவலர் வைப்பது நேர்மையா என்று கேட்க இடமுண்டு. எனினும், மக்களின் மொழியிலும் அவர்தம் நம்பிக்கையின் வழியிலும் பேசாமல் மருந்தை ஏற்கச் செய்ய இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். தடுப்பு மருந்திற்கு 'அம்மைப்பால்' என்னும் பெயர் தமிழில் வழங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது.

கடல் கடந்தபோது அத்தகைய விளக்கம் உடன் வரவில்லை. மலாயாவுக்குப் புறப்பட்டோர் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் உடற்சோதனைக்கு உள்ளாயினர். அவர்கட்கு அம்மை குத்தப்பட்டது. இங்கு வந்திறங்கியதும் பினாங்கின் ஜெரஜாக் தீவிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ தனிமை முகாம் காத்திருந்தது. அதன்பின் தோட்டம். அங்கே மருத்துவமனையும், 'டிரெசர்' என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளரும் இருந்தனர். மலேரியாவைத் தடுக்கும் கொயினா மருந்து, பெரட்டுக்கு நிற்கும் வரிசையிலேயே கொடுக்கப்பட்டது.

இவ்வேற்பாடுகள் பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. உலகிலிருந்து பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்ததற்கு அம்மை குத்துதலே காரணம். ஆயினும், வரிசையில் நின்றவர் 'ஏன்' என்று கேட்க வழியிருந்ததில்லை. கங்காணி அழைத்தால் வரவேண்டும். துரை சொன்னால் கையை நீட்டவேண்டும். கை வீங்கிக் காய்ச்சல் கண்டால் மரம் சீவ இயலாது. மரம் சீவாத நாளுக்குக் கூலியும் இல்லை. மருந்தின் பயன் ஊருக்கெல்லாம் கிடைத்தது. அதன் துன்பத்தைச் சுமந்தவர் தொழிலாளி. ஊசியின்மீதான தோட்டத்து ஐயத்தின் முதல் வேர் இதுவே.

இரண்டாம் வேர் அண்மைக் காலத்தது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகளைச் சார்ந்தோரிடையே மூளைக்காய்ச்சல் தோன்றியது. பன்றிகள் விற்கப்பட்டு இடம் பெயர்ந்தபோது நோயும் பெயர்ந்தது. சிரம்பானை அடுத்த சிக்காமாட்டிலும், பின்னர்ப் போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக்கிலும் அது கடுமையாகப் பரவியது. சீனப் பண்ணையாளரும், பண்ணைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளரும் நோய்வாய்ப்பட்டனர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அது முதலில் கருதப்பட்டது. கொசுப்புகை அடிக்கப்பட்டது, அந்நோய்க்குரிய தடுப்பூசியும் போடப்பட்டது. ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் மாண்டனர்.

ஐயத்திற்குரிய குறிகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ நோயுற்றவருள் மிகப் பலர் பன்றிகளோடு நெருங்கிப் பழகிய ஆடவர். பன்றிகளைத் தொடாத அண்டை மலாய்க் குடும்பங்களை நோய் அண்டவில்லை. கொசுவுக்கு இவ்வேறுபாடு தெரியாதன்றோ? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் சுவா காவ் பிங், சுங்கை நிபா சிற்றூரைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அச்சிற்றூரின் பெயரே அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் இறந்தனர். ஏறத்தாழ 10 இலட்சம் பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் அடங்கியது.

இங்குத் தடுப்பூசி பொய்க்கவில்லை. நோயின் பெயரே தவறாயிற்று. அறிவியலார்க்கு இவ்வேறுபாடு தெளிவானது. ஆனால், ஊசி போட்ட பின்னும் தந்தையையோ கணவரையோ இழந்த வீட்டில் யார் அமர்ந்து இதனை விளக்கினார்? விளக்கம் சென்று சேராத இடத்தில், 'அன்றும் ஊசி போட்டார்கள்' என்னும் நினைவு மட்டுமே எஞ்சும்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரி 24 அன்று, மலேசியாவில் கோவிட்-19 தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. அதற்குள் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் செனவாங், நீலாய் போன்ற புறநகர்களுக்குக் குடிபெயர்ந்திருந்தனர். பெரட்டு வரிசையின் இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. பதிவுக்கு மைசெஜாத்திரா செயலி வேண்டும். அதைக் கையாளப் பிள்ளைகளின் உதவி வேண்டும். இரத்த உறைவு பற்றிய செய்திகளால் அஸ்ட்ராஜெனிகா தடுப்பூசி ஏப்ரல் இறுதியில் பொதுத்திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மே 2 அன்று சிலாங்கூர், கோலாலம்பூர் மக்கள் விரும்பிப் பதிவு செய்யலாம் என்றதும், 2,68,600 இடங்கள் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் நிரம்பின. ஒருபுறம் அச்சம், மறுபுறம் ஆவல். தயக்கமும் தகவலும் எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் முதியோர் எழுப்பிய வினாக்களை நினைவுகூர்வோம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள உடலுக்கு ஊசி ஒத்துக்கொள்ளுமா? மறுநாள் காய்ச்சல் வந்தால் நாட்கூலி என்னாகும்? இத்தனை விரைவில் உருவான மருந்தை எப்படி நம்புவது? இவை மூடநம்பிக்கைகள் அல்ல. விடை வேண்டி நின்ற வினாக்கள். மின்னல் பண்பலையிலும் தமிழ் நாளேடுகளிலும் மருத்துவர்கள் தமிழில் விளக்கியபோது, ஊசி போட்டுக்கொண்ட அண்டை வீட்டார் நலமுடன் நடமாடியபோது, பலருடைய தயக்கம் தளர்ந்தது. 2021 அக்டோபரில் நாட்டின் பெரியவர்களுள் 90 விழுக்காட்டினர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தனர்.

அவ்வெற்றியோடு நாம் அமைந்துவிடலாகாது. அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை எவரும் அறியார். அது வருமுன்னரே செய்யத்தக்க பணிகள் மொழியார்வலர் கையில் உள்ளன. நோயின் பெயர், மருந்தின் இயல்பு, பக்கவிளைவு, ஐயப்பாடு ஆகியவற்றை எளிய தமிழில் சொல்லும் சொற்களை ஆக்கி வைத்தல் வேண்டும். தவறு நேர்ந்தால் அதனையும் அதே தமிழில் ஒப்புக்கொள்ளும் துணிவு வேண்டும். தோட்டத்து முதியோரிடம் எஞ்சியுள்ள ஊசி நினைவுகளை, அவர்கள் மறையுமுன் பதிவு செய்தல் வேண்டும். அன்று வரிசையில் நின்று கையை நீட்டியவர்கள் கேட்காத 'ஏன்' என்னும் வினாவிற்கு, அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காவது நம் மொழியில் விடை கிடைக்கட்டும்.