கன்னிமாராவுக்கு எப்படிப் போவது?



நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம் என்று ஏதாவது வந்தால் முதலில் எழும் கேள்வி, "ஊரிலிருந்து வருகிறவர்களை எங்கே தங்க வைப்பது?" என்பதுதான். ஒரே கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பேர் படுத்த காலம் போய்விட்டது. ஹோட்டலில் அறை போட்டுவிடுகிறோம். மறுநாள் காலையில் வந்தவர்கள் போன் செய்து, "பக்கத்துல பார்க்கிற மாதிரி என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். "பீச் இருக்கு, மால் இருக்கு" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகச் சொல்லலாமே என்றுதான் இந்தக் கட்டுரை. உதாரணத்துக்கு ஒரே ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். மவுண்ட் ரோடில், ஸ்பென்சருக்குப் பக்கத்தில், பின்னி சாலையில் இருக்கும் கன்னிமாரா. அங்கே தங்கினால்தான் பார்க்க முடியும் என்றில்லை. வாசலில் நின்று நான்கு பக்கமும் பார்த்தாலே போதும், நூற்றெழுபது வருடச் சென்னை கண்ணில் படும்.

பெயர் வந்த கதை

"கன்னிமாரா" என்றதும் நம்மில் பலருக்குக் கிராமத்துக் கன்னிமார் கோயில்தான் நினைவுக்கு வரும். ஏழு கன்னிமாருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கடற்கரையில் உள்ள ஒரு பகுதியின் பெயர் அது. 1886 முதல் 1890 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்த ராபர்ட் போர்க் என்பவரின் பட்டப்பெயர் கன்னிமாரா பிரபு. அவர் பெயரைத்தான் ஹோட்டலுக்கு வைத்தார்கள். ஐரிஷ் மொழிப் பெயர் நம் வாயில் புகுந்து, தமிழ்ப் பெயர் போலவே ஆகிவிட்டது.

ஹோட்டலின் முதல் பெயர் அதுவும் அல்ல. 1854-ல் தொடங்கியபோது 'இம்பீரியல்'. 1886-ல் 'ஆல்பனி'. 1890-ல்தான் 'கன்னிமாரா'. அதே 1890-ல் கவர்னருக்கும் அவர் மனைவிக்கும் விவாகரத்து ஆனது. அந்த அம்மையார் டல்ஹவுசி பிரபுவின் மகள். இந்த விவகாரத்தோடு ஹோட்டலையும் முடிச்சுப்போட்டு ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் டல்ஹவுசியை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவர் கவர்னர் ஜெனரலாக இருந்தபோதுதான் இந்தியாவில் ரயில் ஓடத் தொடங்கியது. ஹோட்டலுக்கு ஆட்கள் வரும் வழியை மாற்றியது அந்த ரயில்தான்.

அப்போது எப்படி வந்தார்கள்?

1854 என்ற வருடத்தை இன்னொரு முறை பாருங்கள். தென்னிந்தியாவில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-ல். அதாவது, நம் ஹோட்டல் ரயிலுக்கு மூத்தது. முதலில் வந்து தங்கிய வெளியூர் விருந்தாளிகள் யாரும் ரயிலில் வந்திருக்க முடியாது.

கடல் வழியாக வந்தவர்கள் பாடு சொல்லி மாளாது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரைக்கு வராமல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து பயணிகளை மசூலா படகில் இறக்குவார்கள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதும்போது வளைந்து கொடுக்குமே தவிர உடையாது. அந்தப் படகை ஓட்டியவர்கள் நம் கரையோர மீனவர்கள். உப்புத் தண்ணீரில் நனைந்து கரை ஏறியவர்கள், குதிரை வண்டியிலோ பல்லக்கிலோ மவுண்ட் ரோடு வந்து சேர்ந்தார்கள். துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியதே 1870-களில்தான்.

பிறகு ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1873-ல் சென்ட்ரல், 1908-ல் எழும்பூர். நடுவில் 1895-ல் மின்சார டிராம். 1953 வரை அது ஓடியது. நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளில் யாராவது அதில் ஏறியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இந்த ஹோட்டல்களெல்லாம் வெள்ளைக்காரர்களையும் வசதி உள்ளவர்களையும் நம்பி நடந்தவை. நம் ஊர்க்காரர்கள் சென்னைக்கு வந்தால் சொந்தக்காரர் வீடு, இல்லாவிட்டால் சத்திரம். சென்ட்ரலுக்கு எதிரே சர் சவலை ராமசாமி முதலியார் கட்டிய சத்திரம் ரயிலில் வருகிறவர்களுக்காகவே எழுந்தது. நமக்கு இன்றைக்கும் 'ஹோட்டல்' என்றால் முதலில் இட்லி, சாம்பார்தான் நினைவுக்கு வருகிறது, தங்கும் அறை அல்ல. காரணம் இந்தப் பழைய பிரிவினைதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரு ஹோட்டல்காரரின் விமானம்

மவுண்ட் ரோடில் இன்னொரு பெரிய ஹோட்டலும் இருந்தது. பெயர் டி ஏஞ்சலிஸ். அதன் சொந்தக்காரர் ஜாகோமோ டி ஏஞ்சலிஸ், சமையலோடு நின்றுவிடாத மனிதர். தானே ஒரு விமானத்தை வடிவமைத்து, மவுண்ட் ரோடு சிம்சன் பட்டறையில் செய்யவைத்தார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அதில் பறந்தும் காட்டினார். இந்தியாவில் பறந்த முதல் விமானங்களில் அதுவும் ஒன்று.

ஹோட்டல் நடத்தியவர் பறந்து பார்த்த அந்தப் பல்லாவரத்துக்குப் பக்கத்து ஊர்தான் மீனம்பாக்கம். இன்று நம் விருந்தாளிகள் விமானத்தில் வந்து இறங்குவது அங்கேதான்.

இப்போது எப்படிப் போவது?

மிகவும் சுலபம். விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கலாம். சென்ட்ரலில் இறங்குகிறவர்களுக்கும் அதே நீல வழித்தடம். அரசினர் தோட்டம் தாண்டினால் அடுத்தது எல்.ஐ.சி. எழும்பூரில் இறங்கினால் பச்சை வழித்தடத்தில் சென்ட்ரல் போய் மாற வேண்டும். மூட்டை முடிச்சோடு அது தேவையில்லை, தூரமும் குறைவு, ஆட்டோ பிடித்துவிடலாம். இந்தப் பகுதிக்கு மெட்ரோ வந்தது 2019 பிப்ரவரியில்.

ஒரே ஒரு குறை. மெட்ரோ பூமிக்கு அடியில் போகிறது. மவுண்ட் ரோடின் ஒரு கட்டடம்கூடக் கண்ணில் படாது. அதனால்தான் மேலே ஏறி வந்த பிறகு நடக்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை, ஏழு மணி என்றால் போக்குவரத்து குறைவாக இருக்கும், பெரியவர்களும் பயமின்றி நடக்கலாம்.

நடந்து பார்க்க

முதலில் ஹோட்டல். நீங்கள் இன்று பார்க்கும் வெள்ளை முகப்பு 1930-களில் 'ஆர்ட் டெகோ' பாணியில் திருத்திக் கட்டியது. 1970-களில் இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வந்து மாற்றி அமைத்தார். இடிக்காமல், இருப்பதோடு புதியதைச் சேர்ப்பது எப்படி என்பதற்கு இது நல்ல பாடம்.

அடுத்தது ஸ்பென்சர். இங்கேதான் மனம் கொஞ்சம் கனக்கும். 1860-களில் சின்னக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. ஓக்ஷாட் என்பவர் கையில் பெரிதாக வளர்ந்தது. 1891-ல் கன்னிமாரா ஹோட்டலும் அவர்கள் கைக்கு வந்தது. 1890-களில் சிவப்புச் செங்கல்லில், இந்தோ-சரசெனிக் பாணியில் ஒரு மாளிகை போன்ற கடையைக் கட்டினார்கள். திண்டுக்கல் சுருட்டு முதல் சீமைச் சாமான் வரை அங்கே கிடைத்தது. 1980-களில் தீப்பிடித்து அந்தக் கட்டடம் போய்விட்டது. இப்போது நிற்பது பிறகு கட்டிய வணிக வளாகம். நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பழைய ஸ்பென்சரைப் பார்த்திருக்கலாம். பிள்ளைகளுக்கு அது படத்தில் மட்டும்தான்.

சற்று நடந்தால் எல்.ஐ.சி. கட்டடம். பழைய சினிமாவில் கதாநாயகன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்டுவதற்கு இதைத்தான் காட்டுவார்கள். 'பதினாலு மாடிக் கட்டடம்' என்றே ஊரில் பெயர். 177 அடி உயரம். 1959-ல் திறந்தபோது நாட்டிலேயே உயரமானது என்று பேசப்பட்டது. இதைத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவியவரும் அவரே. கட்டி முடிவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1954-ல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-ல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. கட்டடம் எல்.ஐ.சி.யின் பெயரில் எழுந்தது.

அருகிலேயே ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை. தொடங்கியது 1844-ல், இந்தக் கட்டடத்துக்கு வந்தது 1904-ல். ஹோட்டலைவிடப் பத்து வருடம் மூத்த வியாபாரம். கடை திறக்கும் நேரத்தில் போனால் உள்ளே ஏறி உயரமான கூரையைப் பாருங்கள்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் கோபுரங்களோடு நிற்கிற பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தையும் விட்டுவிடாதீர்கள். 1897-ல் ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கட்டியது. 2006-ல் இடிக்கும் வேலை தொடங்கிவிட்டது. பாரம்பரியக் கட்டடங்களில் அக்கறை உள்ளவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். கடப்பாரை நின்றது. 2010-ல் வந்த தீர்ப்பு, இதுபோன்ற கட்டடங்களைக் காப்பாற்ற இந்த நகரத்துக்கே ஒரு பிடிமானமாக அமைந்தது. ஸ்பென்சரைத் தீ கொண்டுபோனது, யாரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை மட்டும் சிலர் "இது என்ன கட்டடம் தெரியுமா?" என்று எடுத்துச் சொன்னதால் நிறுத்த முடிந்தது.

கூவத்துக்கு அந்தப் பக்கம்

வெயில் ஏறுவதற்குள் ஓர் ஆட்டோ பிடித்துக் கூவத்தைத் தாண்டி, எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போய்விடுங்கள். அங்கே இன்னொரு கன்னிமாரா இருக்கிறது. கன்னிமாரா பொது நூலகம். 1890 மார்ச்சில் அடிக்கல் நாட்டியவர் அதே கவர்னர். திறந்தது 1896 டிசம்பரில், அவர் ஊர் திரும்பி ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து. தேக்கு மர அலமாரிகளும் வண்ணக் கண்ணாடிகளும் உள்ள பழைய கட்டடம் பார்க்க வேண்டிய ஒன்று. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் இது ஒன்று. அந்தச் சட்டம் வந்தது 1954-ல்.

ஒரே பெயரில் இரண்டு வாசல்கள். ஹோட்டல் வாசலுக்குள் நுழையப் பையில் பணம் வேண்டும். நூலக வாசலுக்குள் யாரும் நுழையலாம். நம் ஊரில் அந்தக் கவர்னரின் பெயர் மரியாதையோடு நிலைத்திருப்பது இந்த இரண்டாவது வாசலால்தான் என்று நினைக்கிறேன்.

அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கி, 1854-ல் இந்த இடத்துக்கு வந்தது. ஆம், நம் ஹோட்டல் பிறந்த அதே வருடம். அமராவதிப் பளிங்குச் சிற்பங்களும் திருவாலங்காட்டு நடராஜரும் இங்கே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை. மறந்துபோய் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள்

அடுத்து உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாராவது வந்து ஹோட்டலில் தங்கினால், அது எந்த ஹோட்டலாக இருந்தாலும் சரி, அறைச் சாவியோடு இரண்டு செய்தியையும் சேர்த்துக் கொடுங்கள். இந்த இடத்துக்கு ஆட்கள் முன்பு எப்படி வந்தார்கள், நடந்து போகிற தூரத்தில் என்ன இருக்கிறது. நம் குடியிருப்பில் பிறந்து வளர்கிற பிள்ளைகளையும் கூட அனுப்புங்கள். மவுண்ட் ரோடை அவர்கள் பூமிக்கு அடியில் மட்டுமே பார்த்து வளர்ந்தால், நாளை ஒரு பழைய கட்டடத்தில் கடப்பாரை விழும்போது அது என்னவென்று சொல்ல ஆள் இருக்காது.

மசூலா படகில் வந்தவர்களைப் பற்றியோ, டிராமில் போனதைப் பற்றியோ, பழைய ஸ்பென்சரில் சாமான் வாங்கியதைப் பற்றியோ உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன நினைவுகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். பழைய போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த காலாண்டு இதழில் சேர்த்துவிடலாம்.